பெரிய வக்கீல் நிறுவனங்களின் இலவச சேவை யாருக்குப் போய்ச் சேருகிறது?

வைகைக்கரை:
மதுரையில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சின்ன பகல்நேரக் காப்பகம் ஒன்றின் கணக்குவழக்கை நான்தான் பார்க்கிறேன். டிரஸ்ட் பத்திரத்தில் திருத்தம், நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவின் புதுப்பிப்பு இரண்டையும் சென்னையில் உள்ள ஒரு பெரிய வக்கீல் நிறுவனம் பைசா வாங்காமல் முடித்துக் கொடுத்தது. வக்கீல் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அவங்க ஆண்டறிக்கைக்கு ஒரு போட்டோ கிடைச்சுது" என்று சிரிக்கிறார். இப்படிப் பேசுவது நியாயமா?

கறுப்புகவுன்:
நண்பர் சொன்னது சரி. பார் கவுன்சில் விதி 36-இன்படி வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது. அதனால்தான் பிள்ளைகளோடு எடுத்த போட்டோ அறிக்கையின் அட்டைக்கு வருகிறது. வேலையையும் பாருங்கள்: பத்திரம், 80ஜி, எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் கணக்கில்தான் இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஏகப்பட்ட காகிதம். ஏசி அறையிலேயே முடிகிற வேலை இது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடக்கிறவனுக்காக மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் யார் நிற்கிறார்கள்?

சேலத்துக்காரி:
சார், அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நன்கொடை நிற்கும், காப்பகம் மூடும். அதுவும் ஏழைப் பிள்ளைகள் விஷயம்தானே? வாழ்நாளில் குறுக்கு விசாரணையே செய்யாத கம்பெனி வக்கீல் இலவசம் என்று என் கேஸை நடத்த வந்தால் நான் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். தெரிந்த வேலையைச் செய்யட்டும்.

கறுப்புகவுன்:
குறுக்கு விசாரணையே தேவைப்படாத வேலை நிறைய இருக்கிறது, அம்மா. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 479-இன்படி, முதல் தடவை மாட்டிய விசாரணைக் கைதி, அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு நாள் உள்ளே இருந்துவிட்டால் வெளியே விட வேண்டும். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. வேறு வழக்கு நிலுவையில் இருந்தாலும் சிக்கல். சிறைக் கண்காணிப்பாளரே மனு கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது, ஆனால் நாளை எண்ணி, துரத்திப் பிடித்து முடிக்க ஆள் வேண்டுமே. ஒப்பந்தத்தில் கமா தேடுகிற ஜூனியருக்கு இது ஒரு வேலையா? 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு எப்படி வந்தது? தண்டனைக் காலத்தைவிட அதிக நாள் பீகார் சிறைகளில் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு வக்கீல் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார். போட்டோவுக்காகப் போட்டதில்லை.

குமாஸ்தாமகன்:
ரெண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு போன் அடித்தால் வழி சொல்வார்கள். ஆனால் என் அக்காவின் ஜீவனாம்ச கேஸில் அப்படி வந்த வக்கீல் முதல் ரெண்டு வாய்தாவுக்கு வந்தார், அப்புறம் ஆளைக் காணோம். அவருக்குக் கிடைக்கிற ஃபீஸ் பஸ் செலவுக்கே பத்தாது என்று எங்கப்பாவே சொல்வார், முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே ஒழுங்காகப் பணம் கொடுக்காமல் கம்பெனிகளின் தர்மத்தை நம்பினால் கதை ஆகாது.

சேலத்துக்காரி:
அது வரும்வரை காப்பகம் பூட்டிக் கிடக்கட்டுமா?

வைகைக்கரை:
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். காப்பகக் கட்டடத்தை வாங்கிய பில்டர் இப்போது காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் விட்டிருக்கிறார். அதே நிறுவனத்திடம் போனேன். பில்டர் அவர்களுடைய கட்சிக்காரராம், ரெண்டு பக்கமும் நிற்க முடியாது என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

சேலத்துக்காரி:
அது விதிதானே, அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது.

கறுப்புகவுன்:
தப்பு என்று நானும் சொல்லவில்லை. பாங்க், பில்டர், ஆலை எல்லாம் இவர்களுடைய கட்சிக்காரர்கள். ஏழைக்குச் சண்டை வருவதும் பெரும்பாலும் அவர்களோடுதான். மிச்சம் இருப்பது 80ஜி. அது இருக்கட்டும், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாடகை அதிகாரியிடம் பதிந்தீர்களா? நோட்டீஸைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்க்கிறேன். பாதி ஃபீஸ்.

குமாஸ்தாமகன்:
விதி 36 சார்!

வைகைக்கரை:
எழுத்தில் இருக்கிறது, பதியவில்லை. அனுப்பிவிட்டேன்.