ஆல்வோர்ட் பாலைவனத்தில் 3 இரவு: தண்ணீர் எவ்வளவு, கூடாரம் காற்றுக்கு நிற்குமா?

புதுக்கூடாரம்:

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம், ஒரிகன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஆல்வோர்ட் பாலைவனத்தில் 3 இரவு தங்க நினைக்கிறோம். பெரியவர்கள் 3 பேர். போர்ட்லாந்திலிருந்து பென்ட், பர்ன்ஸ் வழியாக வருகிறோம். வண்டி ஆல் வீல் டிரைவ். டயர் வண்டியோடு வந்த சாதா டயர். கூடாரம் 4 பேர் படுக்கும் டோம் வகை. கம்பிகள் ஃபைபர்கிளாஸ், உள்கூடு பாதிக்கு மேல் வலை.

இதுவரை குழாயும் கழிப்பறையும் உள்ள மாநிலப் பூங்காக்களில்தான் தங்கியிருக்கிறோம். இங்கே எதுவும் கிடையாது என்று தெரியும். எவ்வளவு தண்ணீர் ஏற்ற வேண்டும்? இந்தக் கூடாரம் தாங்குமா? சமையலுக்கு வீட்டில் இருக்கும் ஒற்றை பர்னர் பியூட்டேன் அடுப்பு போதுமா? கழிப்பறைக்கு என்ன வழி? முதல் இரவே அங்குள்ள வெள்ளைப் படுகையின், அதாவது காய்ந்த ஏரித்தரையின், நடுவில் கூடாரம் போட ஆசை. சரியா?

கிழக்குஒரிகன்:

முதலில் தண்ணீர். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், சமையல், பாத்திரம், கை கழுவ 2 லிட்டர். 3 பேருக்கு 4 நாளைக்கு 72 லிட்டர். கிளம்ப முடியாமல் போகும் ஒரு நாளுக்கு 18 சேர்த்தால் 90. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 7 காலன் கெட்டிக் கேன் மூன்று, 1 காலன் கேன் மூன்று எடுத்தால் கணக்கு சரியாக வரும். ஒரே பெரிய தொட்டியில் நிரப்பாதீர்கள். அது கசிந்தால் எல்லாம் போச்சு. 7 காலன் கேன் ஒன்று 26 கிலோ. பின்சீட்டை ஒட்டித் தரையில் வைத்து பெல்ட்டால் கட்டுங்கள். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்று இருக்கும். மூன்று பேரும் தண்ணீரும் சேர்ந்தாலே 300 கிலோ வந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய் ஊற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும். கரைந்திருக்கும் உப்பையும் காரத்தையும் (அல்கலி) பிடிக்காது. அந்தப் பக்கத்து போராக்ஸ் ஏரியில் ஆர்செனிக்கே இருக்கிறது.

பெட்ரோலை பர்ன்ஸில் முழுக்க நிரப்புங்கள். அங்கிருந்து 205 நெடுஞ்சாலையில் ஃபீல்ட்ஸ் வரை சுமார் 110 மைல். ஃபீல்ட்ஸில் ஒரு கடையும் பெட்ரோல் பம்ப்பும் உண்டு. ஆனால் எந்த நேரம் திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஹார்னி கவுன்டி 10,000 சதுர மைலுக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள் 7,495 பேர். வண்டி நின்றால் பின்னால் யாராவது வருவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

ஃபீல்ட்ஸிலிருந்து வடக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து சரளை. கூரான கல். சாதா டயரின் பக்கவாட்டு கிழிந்தால் பஞ்சர் கிட் உதவாது, முழு அளவு ஸ்டெப்னிதான் உதவும். சின்ன டோனட் ஸ்டெப்னியோடு அந்தச் சாலையில் இறங்காதீர்கள். காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 27 அளவுக்குக் குறைத்து, மணிக்கு 30 மைல் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். திரும்பித் தார்ச்சாலை ஏறியதும் ஏற்ற 12 வோல்ட் கம்ப்ரஸர் வேண்டும். ஜாக்குக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரத்தில் கெட்டிப் பலகை ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஜாக் மண்ணுக்குள் இறங்கும், வண்டி ஏறாது.

இனி காற்று. அங்கே பயப்பட வேண்டியது வெயிலுக்கு அல்ல, காற்றுக்கும் ஈரத்துக்கும். படுகை சுமார் 4,000 அடி உயரம். மேற்கே நிமிர்ந்து நிற்கும் ஸ்டீன்ஸ் மலை 9,733 அடி. மலை மேல் குளிர்ந்த காற்று சாயங்காலம் சரிவில் வழிந்து கீழே இறங்கும். பகல் முழுக்க இலை அசையாத இடத்தில், பொழுது சாய்ந்ததும் கூடாரத்தைப் பிடுங்கி எறிகிற காற்று வரும்.

உங்கள் கூடாரத்தோடு வந்த கம்பி முளைகள் அந்தத் தரையில் கொக்கிபோல் வளைந்துவிடும். மேலே காய்ந்த களிமண் ஓடு செங்கல் மாதிரி இருக்கும். ஹார்டுவேர் கடையில் 10 முதல் 12 அங்குல நீளம், 3/8 அங்குலத் தடிமனில் இரும்பு ஆணி விற்கும். 12 வாங்குங்கள். தலைக்குக் கீழே பெரிய வாஷர் ஒன்று கோத்தால் கயிறு நழுவாது. ஒரு கிலோ சுத்தியல் வேண்டும், கல்லால் அடிக்கலாம் என்றால் படுகையில் கல்லே கிடையாது. கயிறு போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் தலை சாயும்படி அடியுங்கள். பிடுங்கும்போது இழுக்காதீர்கள், லாக்கிங் பிளையரால் தலையைப் பிடித்து அரைச் சுற்று திருப்பினால் களிமண் பிடி விடும்.

படுகையின் கரையில், புதர்ப் பக்கம் மண் பொலபொலவென்று இருக்கும். அங்கே எந்த ஆணியும் நிற்காது. ஒரு துணிப்பையில் மண் நிரப்பி வாயைக் கட்டி, கயிற்றை நடுவில் சுற்றி முடிந்து, ஓர் அடி ஆழத்தில் புதைத்து மேலே மிதித்து இறுக்குங்கள். நாலு மூலைக்கும் நாலு பை.

கூடாரம் எழுப்பும் முறையிலும் கவனம் தேவை. காற்று வரும் பக்கத்து இரண்டு முளையை அடித்த பிறகுதான் கம்பியைக் கோர்க்க வேண்டும். குறுகலான பக்கம் மேற்கே பார்க்கட்டும், வாசல் கிழக்கே. வண்டியை மேற்குப் பக்கம் குறுக்கே நிறுத்துங்கள். ஃபைபர்கிளாஸ் கம்பி நீளவாக்கில் பிளக்கும். 5 அங்குல அலுமினியக் குழாய்த் துண்டு இரண்டும் டக்ட் டேப்பும் இருந்தால் உடைந்த இடத்தில் உறையாகப் போட்டு இரவை ஓட்டலாம். பகலில் நடக்கப் போகும்போது கம்பியைக் கழற்றிக் கூடாரத்தைப் படுக்க வைத்து, மேலே தண்ணீர்க் கேனை வையுங்கள்.

வலை உள்கூடு பற்றி: காற்றடித்தால் மாவு மாதிரி காரத்தூள் உள்ளே வந்து படுக்கை மேல் படியும். கெட்டித் துணி உள்கூடு உள்ளதை இரவல் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வலைக்கு உள்பக்கம் பழைய போர்வைகளை கிளிப்பால் தொங்கவிடலாம். ஜிப் மக்கர் பண்ணினால் எண்ணெய் போடாதீர்கள், தூள் இன்னும் ஒட்டும். காய்ந்த டூத்பிரஷ்ஷால் பல்வரிசை முழுக்கத் தேய்த்துத் தட்டினால் போதும். அந்தத் தூள் பட்ட கை கால் இரண்டே நாளில் வெடிக்கும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்துவிட்டு எண்ணெய் தடவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள்.

அடுப்படி:

நான் சமையலுக்கு மட்டும் சொல்கிறேன். அந்த நீளக் குப்பி பியூட்டேன் அடுப்பை நம்பாதீர்கள் தம்பி. சாதாரண பியூட்டேன் 0 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். செப்டம்பர் கடைசியில் அங்கே விடிகாலை உறைநிலையை ஒட்டி இறங்கும். ராத்திரி நன்றாக எரிந்த அடுப்பு காலை காபிக்குத் தீக்குச்சி அளவு சுடர்தான் காட்டும். பச்சை உருளையில் வரும் 1 பவுண்டு புரோப்பேன் அடுப்பு எடுங்கள், அது −42 டிகிரி வரை ஆவியாகும். மூன்று பேருக்கு 4 நாளைக்கு 2 உருளை, கையிருப்புக்கு ஒன்று. மூன்று பக்கம் தடுப்பு உள்ள அடுப்பாக இருக்கட்டும். அடுப்பு குப்பிக்கு மேலேயே உட்காரும் வகை என்றால் அதைச் சுற்றித் தகரம் கட்டி மறைக்காதீர்கள். குப்பி சூடேறி வெடிக்கலாம். குளிர்கிறது என்று கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

4,000 அடியில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு சில நிமிஷம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். 2 லிட்டர் குக்கர் கொண்டுபோங்கள், அல்லது பாசிப்பருப்பும் மசூரும் போதும் என்று முடிவு செய்யுங்கள். முதல் நாளுக்கு வீட்டிலேயே கிளறிய புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அடுத்த நாட்களுக்கு வறுத்த ரவை, அவல், சேமியா: எல்லாம் குறைந்த தண்ணீர், ஒரே பாத்திரம். தேங்காய் எண்ணெய் அங்கே காலையில் பாட்டிலுக்குள் மெழுகாக உறைந்து நிற்கும், வாய் குறுகிய பாட்டிலில் இருந்தால் ஒரு சொட்டு வராது. நல்லெண்ணெய் எடுங்கள்.

பாத்திரத்தை முதலில் காகிதத் துண்டால் வழித்துத் துடையுங்கள். பிறகு அரை டம்ளர் வெந்நீர் போதும். அந்தக் காகிதம் குப்பைப் பையில் வீட்டுக்குத் திரும்ப வர வேண்டும். உப்பும் சர்க்கரையும் கரைத்த எலுமிச்சை ஜூஸ் தினமும் ஒரு லிட்டர் குடியுங்கள். வறண்ட காற்றில் வியர்வை உடம்பிலேயே காய்ந்துவிடும், தண்ணீர் இழப்பதே தெரியாது.

சரளைப்பாதை:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் படுகையின் நடுவில் போடும் ஆசையை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. சுமார் 12 மைல் நீளம், 7 மைல் அகலம். ஒரு மரம், ஒரு மேடு இல்லை. ஃப்ராக் ஸ்பிரிங்ஸ் வழியாக இறங்கிப் பகலில் நடந்து பாருங்கள், இரவுக்குக் கரைக்கு வாருங்கள். புதர்ப் பக்கம் ஏற்கனவே வண்டி நின்ற தழும்பு உள்ள இடங்களில் மட்டும் கூடாரம் போடுங்கள். கறுத்துப் புடைத்து, சொரசொரவென்று இருக்கும் மண்தோல் உயிருள்ள பொருள். ஒரு காலடி பட்டால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வறண்ட ஓடைப் பள்ளம் காற்றுக்கு மறைவாகத் தெரிந்தாலும் அதில் படுக்காதீர்கள். மலைமேல் பெய்த மழை அதில்தான் வரும். உயரமான காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சைலன்சர் சூட்டில் புல் பற்றும்.

கழிப்பறை: படுகையில் எதையும் புதைக்கக் கூடாது. அந்த மண்ணில் மக்காது, காற்று மேலே கொண்டுவந்துவிடும். உள்ளே கட்டியாக்கும் தூள் போட்ட கழிவுப் பைகள் விற்கின்றன. 3 பேருக்கு 4 நாள் என்றால் 14 வாங்கி, மூடி இறுகும் வாளியில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். புதர்ப் பக்கம் 6 முதல் 8 அங்குல ஆழக் குழி, தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி. தண்ணீர் விட்டுக் கழுவுபவர்கள் ஆளுக்கு நாளைக்கு அரை லிட்டரை மேலே சொன்ன 90-இல் கூட்டிக்கொள்ளுங்கள்.

மிக்கி வெந்நீர் ஊற்றுக்குப் போனால் பாதையை விட்டு விலகாதீர்கள். குளிக்கும் சூடல்ல அது, கொதிநீர். ஓரத்துத் தரை மெல்லிய ஓடு, கால் உள்ளே போகும்.

புதுக்கூடாரம்:

மிக்க நன்றி. அடுப்பு மாற்றியாச்சு, ஆணியும் வாங்கியாச்சு. வானிலை முழுக்கத் தெளிவாக இருந்தால் ஒரே ஒரு இரவு நடுவில் தங்கலாமா? இரவில் மழை பிடித்துவிட்டால் என்ன செய்வது?

கிழக்குஒரிகன்:

ஆண்டுக்கு 7 அங்குலம்தான் மழை. ஸ்டீன்ஸ் மலை மீதியைத் தடுத்துவிடுகிறது. ஆனால் அந்தக் களிமண்ணுக்குக் கால் அங்குலம் போதும். நனைந்ததும் கேழ்வரகுக் களி மாதிரி டயரில் அப்பிக்கொள்ளும், வரிப்பள்ளம் நிரம்பிவிடும், நாலு சக்கரமும் சுற்றினாலும் வண்டி நகராது, புதையும்.

முன்னறிவிப்பில் 3 நாளும் மழை வாய்ப்பு இல்லை என்றால் ஒரு இரவு போடலாம், ஆனால் கரையிலிருந்து ஒரு மைலுக்குள். போகும்போது தரையின் நிறத்தைப் பாருங்கள். வெளிறிப் பாளம் பாளமாக வெடித்திருந்தால் சரி. கொஞ்சம் கறுத்திருந்தால் மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு. சந்தேகம் வந்தால் இறங்கிக் குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். பள்ளம் விழுந்தாலோ செருப்பில் ஒட்டினாலோ வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள்.

இரவில் முதல் தூறல் விழுந்ததுமே கூடாரத்தைச் சுருட்டி வண்டிக்குள் திணித்து, ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்த இறங்கிய இடத்துக்கே மெதுவாகப் போங்கள். மற்ற கூடாரங்களில் விளக்கு எரியாமல் இருக்கலாம், மணிக்கு 10 மைல் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். தூங்கிவிட்டீர்கள், எழும்போது தரை நனைந்துவிட்டது என்றால் வண்டியை அசைக்கவே வேண்டாம். காயும்வரை உட்காருங்கள். அந்த 18 லிட்டர் அதற்குத்தான். கைப்பேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாடகைக்கு எடுத்து, ஊரில் ஒருவரிடம் திரும்பும் நாளும் நேரமும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்; அதில் அந்தக் காத்திருக்கும் ஒரு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீணாகத் தேடல் தொடங்கிவிடும்.

இன்னொன்று: கூடாரக் கயிற்றை வண்டிச் சக்கரத்தில் கட்டியிருந்தால், ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வையுங்கள். அவசரத்தில் கிளம்பும்போது அது கையில் தட்டுப்படும்.