குன்றடி வீடும் கண்டெய்னர் வரிசையும்

2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, சம்னர் பகுதியில் குன்றை ஒட்டிய வாடகை வீடொன்றில் நாங்கள் குடியிருந்தோம். பிற்பகல் 12.51 மணி. முந்தைய செப்டம்பரில் 7.1 அளவு நடுக்கத்தையே தாங்கிய வீட்டுக்கு 6.2 என்ன செய்துவிடும் என்று பிறகு பலர் கேட்டார்கள். முந்தையதன் மையம் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளியிருந்தது. இதுவோ நகரை ஒட்டியே, அதுவும் சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில். பக்கவாட்டில் ஆடியதைவிட, தரை கீழிருந்து உதைத்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. அருகிலுள்ள ஹீத்கோட் பள்ளத்தாக்கில் செங்குத்து முடுக்கம் புவியீர்ப்பின் இருமடங்கைத் தாண்டியதாகக் கருவி பதிவுசெய்திருந்தது.

எங்கள் வீடு மரச்சட்டத்தில் கட்டியது. கதவுகள் நிலையில் இறுகிக்கொண்டனவே தவிர, சுவர் எதுவும் சாயவில்லை. ஆனால் செங்கல் புகைபோக்கி மட்டும் கூரையைப் பிளந்துகொண்டு கூடத்தில் விழுந்தது. மரம் வளைந்து கொடுக்கும். வெறும் சாந்தை நம்பி உயரமாக நிற்கும் செங்கலுக்கு அந்தக் குணம் கிடையாது. நகரின் பழைய கடைத்தெருக்களில் கம்பியிடாத செங்கல் முகப்புகள் நடைபாதையில் சரிந்ததற்கும் இதுவே காரணம்.

குன்றிலிருந்து பெயர்ந்து விழும் பாறை செய்யும் சேதம் வேறு வகை. நடுக்கம் கட்டடம் முழுவதையும் உலுக்குகிறது. பாறையோ தன் வேகம் அனைத்தையும் ஒரே இடத்தில் இறக்குகிறது. இரண்டு வீடு தள்ளி, ஒரு பாறை பின்சுவரில் நுழைந்து முன்சுவர் வழியே வெளியேறியிருந்தது. அது சென்ற தடத்துக்கு ஒரு முழம் தள்ளி, சமையலறைக் கொக்கிகளில் தேநீர்க் கோப்பைகள் உடையாமல் தொங்கின. அன்று இறந்த 185 பேரில் 5 பேர் குன்றுப் பகுதியில் பாறை விழுந்தே இறந்தார்கள்.

பிறகு, விழும் பாறைகளைத் தடுக்கச் சாலையோரம் கப்பல் கண்டெய்னர்களை இரண்டடுக்காக வரிசையாக நிறுத்தினார்கள். பார்க்க அழகில்லைதான், ஆனாலும் எனக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது: உடனே கிடைக்கும், தகடு நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். 2016 பிப்ரவரி 14 அன்று 5.7 அளவு நடுக்கத்தில் குன்றுமுகம் மீண்டும் சரிந்து புழுதி மண்டியபோது, அந்த இரும்புப் பெட்டிகளை நான் வேறு கண்ணோடு பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் எஃகு வலை கட்டலாமே என்று, சேதத்தைப் பார்க்க வந்த பொறியாளர் ஒருவரிடம் கேட்டேன். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதுபோல, வலையும் சில மீட்டர் பின்னால் தொய்ந்துதான் பாறையை நிறுத்தும் என்றும், அந்த இடத்துக்குள் சுவர் இருந்தால் வலையோடு பாறையும் சுவரில்தான் மோதும் என்றும் அவர் விளக்கினார். பின்பு, எங்கள் சமையலறைச் சுவருக்கும் குன்றுக்கும் இடையே துணி உலர்த்தும் கொடி மட்டுமே கொள்ளும் அந்த இடைவெளியை நாடாவால் அளந்து பார்த்துவிட்டு, பேசாமல் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.