லார்ப் ஆட்டத்தில் சோதனை போடும்போது எங்கே நிறுத்தவேண்டும்?

கேள்வி:
இங்கிலாந்தில் இரண்டு வருடமாக லார்ப் (வேடம் போட்டு, கதாபாத்திரமாகவே நடித்து ஆடும் ஆட்டம்) ஆடுகிறேன். போன வாரம் கடத்தல்காரி வேடம். பித்தளை மோதிரத்தை இடது பூட்ஸுக்குள், கணுக்கால் பக்கம் செருகியிருந்தேன், நடக்கும்போதெல்லாம் உறுத்தியது. காவலராக ஆடியவர் "சோதனை" என்று சொன்ன கையோடு, கேட்காமலே என் இடுப்பைத் தடவினார். அப்படியே விறைத்துப்போனேன். மோதிரத்தை நானே எடுத்து நீட்டிவிட்டேன். உங்கள் குழுக்களில் என்ன விதி?

பதில் 1:
அவர் செய்தது தப்பு. நடத்துபவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் குழுவில் முதலில் "தொடலாமா, வாயால் சொல்லட்டுமா?" என்று கேட்கவேண்டும். வாயால் என்றால் "பூட்ஸுக்குள் பார்க்கிறேன்" என்று இடத்தைச் சொல்லவேண்டும். பொருள் அங்கே இருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடவேண்டும். நேர்மை இல்லையென்றால் இந்த முறையே செத்துவிடும்.

பதில் 2:
ஒளிப்பவருக்கும் விதி வேண்டும். ஒளித்ததாகச் சொல்லும் இடத்தில் பொருள் நிஜமாகவே இருக்கவேண்டும். உள்ளாடை, தூங்கும் கூடாரம், கார், மருந்துப் பை எதிலும் ஒளிக்கக்கூடாது, தேடவும் கூடாது. திருடக்கூடிய பொருளுக்கு நாங்கள் சிவப்பு நாடா கட்டுகிறோம். நாடா இல்லாதது சொந்தப் பொருள், கை வைக்கக்கூடாது.

கேட்டவர்:
நன்றி. நடத்துபவரிடம் இன்று பேசிவிட்டேன். அடுத்த ஆட்டத்திலிருந்து "தொடலாமா" என்பதைக் காவலர்களின் முதல் வசனமாகவே வைக்கிறார்கள். அப்புறம், மோதிரத்துக்கு நாடா எங்கே கட்டுவது?

பதில் 2:
வளையத்தில் சிவப்பு நூலைச் சுற்றிவிடுங்கள், போதும்.