புதுப்பிப்பு: எழுதும் திறன் தேர்வும் என் அறிவியல் வகுப்பும்

மார்ச்சில் இங்கே புலம்பியிருந்தேன். நியூசிலாந்தில் என்சிஇஏ என்ற உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு 2024 முதல் வாசிப்பு 5, எழுதும் திறன் 5, எண்ணறிவு 10 என 20 கிரெடிட் (தேர்ச்சிப் புள்ளி) கட்டாயம். எங்கள் பிள்ளைகள் எழுத்தில்தான் சறுக்குகிறார்கள். அறிவியல் ஆசிரியை நான் என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். "ஆய்வக அறிக்கையையே பயிற்சியாக்குங்கள்" என்றார் ஒருவர். அதைத்தான் செய்தோம்.

வாரம் ஒருநாள், 10 நிமிடம்: சோதனையில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று இரண்டு பத்தி. ஆங்கில ஆசிரியை சொன்ன யோசனை, வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் பார்ப்பது. முதல் வாரம் முற்றுப்புள்ளி. ஒரு பையன் மெக்னீசியம் எரிந்த கதையை எட்டு வரிக்கு ஒரே வாக்கியமாக எழுதியிருந்தான். சத்தமாக வாசிக்கச் சொன்னேன். நாலாவது வரியில் மூச்சு முட்டி, சிரித்துக்கொண்டே அவனே ஐந்து இடத்தில் புள்ளி வைத்தான்.

தேர்வு கணினியில் என்பதால் அப்புறம் பயிற்சியையும் கணினிக்கு மாற்றினோம். முதலிலேயே மாற்றியிருக்கலாம், என் சோம்பல்.

சரி, முடிவுக்கு வருகிறேன்: எழுத்தில் அந்த மெக்னீசியம் பையன் தேறிவிட்டான், வாசிப்பு பாக்கி. இரண்டாவது வாய்ப்புக்குத் தயாராகிறான். கணக்கு ஆசிரியர்கள்தான் இந்தப் பயிற்சிக்கு இன்னும் பிடிகொடுக்கவில்லை.