12 லாரி, மைலேஜ் 4.2-லிருந்து 3.6-க்கு இறங்கிவிட்டது: எங்கிருந்து தேடுவது?

சங்ககிரி ஓனர்

வணக்கம். எங்களிடம் 12 வண்டி. எல்லாம் பத்துச் சக்கரம், மொத்த எடை 28 டன், பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த 2021-22 மாடல். சேலம், தொப்பூர், பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர் வழியாகப் புனே வரை ஓட்டம். வண்டிக்கு மாதம் 9,000 கி.மீ.

மூன்று மாதத்துக்கு முன் மொத்தச் சராசரி லிட்டருக்கு 4.2 கி.மீ. இப்போது 3.6. வண்டிக்கு மாதம் 357 லிட்டர் கூடுதலாகப் போகிறது. 12 வண்டிக்கும் சேர்த்து, லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் 3.9 லட்சம்.

இந்த மூன்று மாதத்தில் மாறியவை: முன்பு புனேயிலிருந்து ஹூப்ளி வரை காலியாக வந்து அங்கேதான் லோடு பிடிப்போம். இப்போது புனேயிலேயே ரிட்டர்ன் லோடு கிடைக்கிறது. 5 வண்டிக்கு ஹவுசிங் (இன்ஜின் இழுவை போகும் பின் அச்சு) டயர் நான்கும் புதுசு போட்டோம். 3 வண்டியில் ஒவ்வொரு டிரிப்பிலும் டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட் எரிகிறது.

டிரைவர்கள் டீசல் இறக்கி விற்கிறார்கள் என்று பார்ட்னர் உறுதியாக நம்புகிறார். எல்லா டேங்கிலும் சென்சார் மாட்டி, குறைகிற டீசலை டிரைவர் பட்டாவில் (டிரிப் படி) பிடிக்கலாம் என்கிறார். செய்யலாமா?

ரூட் கணக்கு

பட்டாவில் கை வைக்காதீர்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது.

ஒரு வழி 1,000 கி.மீ., லோடோடு 3.8, காலியாக 5.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு போக 263 லிட்டர். வரும்போது பாதித் தூரம் காலி, பாதி லோடு: 91, 132. மொத்தம் 486 லிட்டருக்கு 2,000 கி.மீ., அதாவது 4.1. இப்போது இரண்டு பக்கமும் லோடு: 526 லிட்டர், அதாவது 3.8. வண்டியில் ஒரு கோளாறும் இல்லாமல், ஒரு சொட்டு திருட்டும் இல்லாமல் 0.3 இறங்கிவிடும். உங்கள் 0.6-இல் பாதி இங்கே போய்விட்டது.

இதையே டன் கணக்கில் பாருங்கள். 18 டன் பாரம் என்றால் முன்பு ஒரு லிட்டருக்கு 55.6 டன்-கி.மீ. (டன்னைக் கிலோமீட்டரால் பெருக்கியது). இப்போது 68.4. மைலேஜ் குறைந்திருக்கிறது, சம்பாத்தியம் கூடியிருக்கிறது. லோடு கூடியதற்கு டிரைவரிடம் பணம் பிடித்தால் நல்ல டிரைவர்கள்தான் முதலில் விலகுவார்கள்.

இன்னொன்று, அந்த 3.6-ஐ எப்படி எடுத்தீர்கள்? வண்டிவாரி மைலேஜைக் கூட்டி 12-ஆல் வகுத்திருந்தால் அது தப்பு. ஒரு வண்டி 5, இன்னொன்று 3, இரண்டும் ஆயிரம் கி.மீ. என்றால் சராசரி 4 வராது. 200 லிட்டரும் 333 லிட்டரும் சேர்த்து 533, ஆக 3.75. மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால்தான் வகுக்க வேண்டும்.

இனி வண்டிவாரியாக, டிரிப்வாரியாக எழுதுங்கள். ஒரே பங்க்கில், சமதளத்தில் நிறுத்தி, டேங்க் கழுத்தில் அதே கோடு வரை நிரப்ப வேண்டும். ஒரு டிரிப்பை வைத்து முடிவு செய்ய வேண்டாம், மூன்று டிரிப் சேருங்கள். பாரம், ஓடோமீட்டர், டீசல், யூரியா (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்), லோடிங் இடத்தில் இன்ஜின் ஓடிய நேரம் எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். நின்றபடி இன்ஜின் ஓடினால் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் போகும். வாசலில் 6 மணி நேரம் ஏ.சி. போட்டுக் காத்திருந்தால் அது டிரிப் மைலேஜில்தான் தெரியும்.

டயர் கடை

புது டயர் போட்ட 5 வண்டியைத் தனியாக எடுத்து வையுங்கள். அங்கே குறைகிறது மைலேஜ் மட்டும் இல்லை, ஓடோமீட்டரும்தான்.

295/90 ஆர் 20 புதுசாக இருக்கும்போது விட்டம் சுமார் 1,039 மி.மீ. பட்டன் (சாலையில் படும் ரப்பர்) உயரம் 16 மி.மீ.-லிருந்து 3 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டம் 26 மி.மீ. குறையும். கிலோமீட்டரை கியர்பாக்ஸ் சுற்றிலிருந்துதான் வண்டி எடுக்கிறது. தேய்ந்த டயர் அதிகச் சுற்று சுற்றி ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது. புது டயர் போட்டதும் அதே சாலைக்கு 2.5 சதவீதம் குறைவாகக் காட்டும். ஆயிரம் கி.மீ.-க்கு 25. ஜி.பி.எஸ். தூரத்தை வைத்துத் திரும்பக் கணக்குப் போடுங்கள்.

காற்று விஷயத்தில் யாரும் சொல்லாத ஒன்று: பின் ஜோடியில் உள் டயர். வெளி டயரில் மட்டும் காற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே சுத்தியால் தட்டி "சரியாத்தான் இருக்கு" என்று விடுவார்கள். 20 பி.எஸ்.ஐ. குறைந்தாலும் தட்டும் சத்தத்தில் பிடிக்க முடியாது. வால்வு எக்ஸ்டென்ஷன் போட்டு, வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு கேஜ் வைத்துப் பாருங்கள். ஓடிய சூட்டில் காற்று ஏறித்தான் இருக்கும், அப்போது இறக்கவே கூடாது. எல்லா டயரிலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் டீசலில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் போகும். ஜோடி டயர்களில் விட்ட வித்தியாசம் 6 மி.மீ.-க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பெரியது பாரத்தைத் தாங்கும், சின்னது சாலையில் இழுபட்டுத் தேயும்.

முன் டயரில் கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் இருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது.

பட்டறைக்காரர்

டி.பி.எஃப். லைட் எரியும் மூன்று வண்டிக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் லோடோடு ஓடும் வண்டிக்குப் புகைக்குழாய்ச் சூட்டிலேயே பெரும்பகுதிக் கரி எரிந்துவிட வேண்டும். டிரிப்புக்கு டிரிப் லைட் வந்தால் டி.பி.எஃப். மேல் குற்றமில்லை, இன்ஜின் அதிகக் கரி கொடுக்கிறது. டி.பி.எஃப்.-ஐக் கழற்றிக் கழுவினால் பத்து நாளில் திரும்ப வரும்.

முதலில் டர்போவிலிருந்து (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தருவது) இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்புக் கறை விசிறி மாதிரி படிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது, கரி கூடும், இழுவையும் குறையும், டிரைவர் இன்னும் மிதிப்பார். அது சரியாக இருந்தால் இ.ஜி.ஆர். வால்வு (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுவது), பிறகு டி.பி.எஃப். அடைப்பை அளக்கும் அழுத்த வித்தியாச சென்சாரின் சின்னக் குழாய்கள். அதில் தண்ணீர் நின்றாலோ விரிசல் இருந்தாலோ கரி இல்லாமலேயே லைட் எரியும். இன்ஜெக்டரைக் கடைசியில் தொடுங்கள், செலவு அதிகம். இன்ஜின் ஆயில் சி.கே.-4 தரமா என்று டப்பாவைப் பாருங்கள். சாம்பல் கூடிய பழைய ரக ஆயில் டி.பி.எஃப்.-ஐ எரித்தாலும் போகாதபடி அடைத்துவிடும்.

ரீஜெனரேஷன் (டி.பி.எஃப்.-இல் சேர்ந்த கரியை எரிப்பது) நடக்கும்போது பாதியில் இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று டிரைவர்களுக்குச் சொல்லுங்கள். உள்ளே 550 முதல் 600 டிகிரி வரை போகும், அதற்காகச் சிலிண்டரிலேயே கூடுதல் டீசல் பீய்ச்சும் இன்ஜினில், பலமுறை பாதியில் நின்றால் அந்த டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது, ஆயிலை மாற்ற வேண்டும். நிறுத்தி வைத்து எரிக்கும்போது கீழே காய்ந்த புல், வைக்கோல் இல்லாத இடம் பாருங்கள்.

யூரியா 100 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 6 லிட்டர் வரை போகலாம், இன்ஜினைப் பொறுத்தது. மற்ற வண்டிகளைவிட ஒன்று மட்டும் பாதிதான் குடிக்கிறது என்றால் யூரியா பீய்ச்சும் நாசிலில் உப்புக் கட்டியிருக்கிறது. யூரியா அளவு 32.5 சதவீதம் இருக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரில் (செறிவு அளக்கும் கருவி) 31.8-க்குக் கீழோ 33.2-க்கு மேலோ காட்டினால் அந்தக் கேனை ஊற்ற வேண்டாம். யூரியாவை ஏமாற்றும் எமுலேட்டர், டி.பி.எஃப். வெட்டி எடுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டுவீர்கள்.

தொப்பூரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது இன்னும் நடக்கிறது. கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலுக்கு டீசல் குடிக்கும், இன்ஜின் பிரேக்கும் இருக்காது, டிரம் சூடேறிப் பிரேக் விட்டுவிடும். மைலேஜ் போனஸ் அறிவிக்கும் முன் இதைப் பேசுங்கள். இல்லாவிட்டால் போனஸுக்காகவே நியூட்ரலில் விடுவார்கள்.

சங்ககிரி ஓனர்

மூன்று டிரிப் எழுதிப் பார்த்தோம், தூரம் ஜி.பி.எஸ்.-இல் எடுத்தது. இரண்டு பக்க லோடில் 9 வண்டி 3.75 முதல் 3.8. அந்த மூன்று வண்டி மட்டும் 3.2. பார்ட்னரும் தாளைப் பார்த்தார், பட்டா பேச்சு நின்றது.

மூன்றில் இரண்டில் இன்டர்கூலர் ஹோஸில் நீங்கள் சொன்ன அதே கருப்புக் கறை. ஹோஸும் கிளாம்பும் மாற்றியாயிற்று. மூன்றாவது வண்டியில் கறை இல்லை. வேறு என்ன பார்க்கலாம்?

பட்டறைக்காரர்

பிரேக் பிடித்து ஓடுகிறதா பாருங்கள். இழுத்துக்கொண்டே ஓடும் இன்ஜினும் அதிகக் கரி கொடுக்கும். சமதளத்தில் 30 கி.மீ. ஓட்டி, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓரம் கட்டி, இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரில் ஒவ்வொரு டிரம்மையும் அளந்து எழுதுங்கள்.

சங்ககிரி ஓனர்

அளந்தோம். ஹவுசிங் இடது 124 டிகிரி, வலது 78. மற்றதெல்லாம் 70-80.

பட்டறைக்காரர்

அதுதான். அந்தச் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஏர் முழுதாக ஏறியதும் ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். உரசினால் ஸ்லாக் அட்ஜஸ்டரை (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கை) கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் சுற்றினால் அளவு தப்பாக வைத்திருக்கிறார்கள், வலது பக்கத்துக்குச் சமமாக வையுங்கள். அப்போதும் உரசினால் டிரம்மைக் கழற்ற வேண்டும்: எஸ்-கேம் (பிரேக் ஷூவை விரிக்கும் தண்டு) புஷ் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கும், அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக் சேம்பரை (காற்றில் பிரேக்கை இயக்கும் டப்பா) எக்காரணத்துக்கும் பிரிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் வெளியே வரும், சேம்பர் கெட்டிருந்தால் அப்படியே மாற்றிவிடுங்கள்.

அதே ஹப்பில் கிரீஸ் உருகி வழிந்திருக்கிறதா, சீல் நன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு மூடுங்கள். 124 டிகிரியில் எவ்வளவு நாள் ஓடியதோ, பேரிங்கையும் கையில் எடுத்து நிறம் நீலமாக மாறியிருக்கிறதா பார்க்க வேண்டும்.