பழைய கோவிலைத் திருத்தக் காசு சேர்க்கிறோம், இடித்துக் கட்டச் சொல்பவர்களுக்கு என்ன சொல்வது?

கடலோரத்தான் கேட்டது:

வணக்கம். மன்னாரில் மாந்தைப் பக்கம் கடலோரத்துச் சின்னக் கத்தோலிக்கப் பங்கு எங்களுடையது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கே ஊருக்குள் இன்னொரு சண்டை. எங்கள் அந்தோனியார் கோவில் கடலில் எடுத்த முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. என் அப்பப்பாவின் அப்பா கல் சுமந்தார் என்று வீட்டில் சொல்வார்கள், அதற்குமேல் எழுத்தில் எதுவும் இல்லை, பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள் இடம்பெயர்வோடு போய்விட்டன. 2008 இல் போருக்குள் ஊர் கிளம்பியபோது சொரூபத்தைச் சாக்கில் சுற்றி உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனோம், திரும்பி வந்தபோது கூரை இல்லை, முகப்பும் பக்கச் சுவர்களும் மட்டும் நின்றன. பிறகு ஒரு உதவியில் சீற் போட்டு, சுவருக்குச் சீமெந்து பூசி, இத்தனை வருசம் பூசை நடக்கிறது. இப்போது அந்தப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. போன மாரிக்குப் பீடத்துக்குப் பக்கத்தில் வாளி வைத்துத்தான் பூசை.

நாங்கள் பெடியள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து காசு சேர்க்கலாம் என்று இறங்கினோம். பங்குத்தந்தை சரி என்றுவிட்டார். ஆனால் சுவிசில் இருக்கிற எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேர், “இதைத் தட்டிவிட்டுக் கொன்கிறீட்டில் பெரிதாகக் கட்டுவதென்றால் காசு தருகிறோம், பழைய சுவருக்குத் தரமாட்டோம்” என்கிறார்கள். ஊரிலும் பாதிப் பேர் அவர்கள் பக்கம். இப்படி வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், காசை எங்கே தொடங்கிக் கேட்பது, யாரிடம் கேட்காமல் விடுவது?

சாந்துக்கரண்டி எழுதியது:

தம்பி, காசை விடும், முதலில் சுவரைப் பாரும். நான் நாற்பது வருசம் மேசன் வேலை செய்தவன், இப்போது முழங்கால் விடுகிறதில்லை. முருகைக்கல் சுவருக்குச் சீமெந்து பூசினதுதான் உம்முடைய வருத்தமே. அந்தக் கல் நிலத்திலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சென்றால் அந்த ஈரம் வெளியே போய்விடும், சீமெந்து பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரத்தோடு வருகிற உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, கல்லின் முகத்தையே பொடியாக்கிக்கொண்டு வரும். பிறகு பூச்சு கழன்று விழ, ஊர் என்ன சொல்லும்? சுவர் உக்கிவிட்டது, இடி என்று சொல்லும். சுவர் உக்கவில்லை ஐயா, அதற்கு மூச்சு முட்டுகிறது.

ஆகவே யாரிடமும் ஒரு ரூபாய் கேட்க முதல், கீழே மழைத்தண்ணீர் நிற்கிற பக்கமாக ஒரு மூலையில் சீமெந்தைத் தட்டிப் பாருங்கள். கல் உள்ளே திடமாக இருந்தால் முழுச் சீமெந்தையும் பக்குவமாக எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை, சிரமதானத்திலேயே செய்யலாம், ஆனால் கூட ஒரு பழைய கை நிற்கவேண்டும், பெடியள் பலத்தைக் காட்டிக் கல்லையும் சேர்த்து உடைத்துவிடுவார்கள். பிறகு சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறப்போட்டு, ஒன்றுக்கு மூன்று மணலோடு பூசலாம். கடல் மணல் வேண்டவே வேண்டாம், அதிலிருக்கிற உப்பு திரும்பவும் இதே கதையைத் தொடங்கிவிடும். ஆற்று மணல் ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்கு அலைகிற நாட்களையும் கணக்கில் வையுங்கள். புதுப்பூச்சைச் சோளகக் காற்றில் விட்டால் வெடித்துவிடும், நனைத்த சாக்குத் தொங்கவிட வேண்டும். கடலில் போய்ப் புது முருகைக்கல் உடைத்து வருவோம் என்று யாராவது கிளம்பினால் நிறுத்துங்கள், அது சட்டப்படி தடை, விழுந்து கிடக்கிற பழைய கல்லே போதும்.

அடுத்தது, உங்கள் கோவிலைத் தொல்பொருள் திணைக்களம் வர்த்தமானியில் அறிவித்திருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அறிவித்திருந்தால் அனுமதி இல்லாமல் இடிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது, சுவிஸ்காரருக்குப் பதிலும் கிடைத்துவிடும்.

ரொறன்ரோ அக்கா எழுதியது:

காசு கொடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். தம்பி, நாங்கள் ஊரை மறந்ததால் கையை மூடிக்கொண்டோம் என்று நினைக்கவேண்டாம். எங்கள் ஊரில் ஒரு மண்டபத்துக்கு என்று கேட்டார்கள், நான் இரண்டு வேலை செய்த காலம், தந்தேன். அத்திவாரம் போட்ட படம் ஒன்று வந்தது. அதே படம் அடுத்த வருசமும் வந்தது, அதில் நின்ற ஆடு மட்டும் வேறு. அதற்குப் பிறகு “ஊருக்கு” என்று பொதுவாகக் கேட்டால் ஒருவருக்கும் கொடுப்பதில்லை.

அதனால் “கோவில் திருத்த நிதி” என்று பெரிய தொகையைச் சொல்லிக் கேட்காதீர்கள். வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை எழுதுங்கள். பீடத்துக்கு மேல் கூரை இவ்வளவு, தெற்கு வாசல் கதவு இவ்வளவு, சுண்ணாம்பு இவ்வளவு. ஒன்று முடிந்து, பற்றுச்சீட்டையும் படத்தையும் வட்ஸ்அப்பில் போட்ட பிறகு அடுத்ததைக் கேளுங்கள். எங்கள் தங்கச்சி ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கதவு எடுப்பார்கள், அதில் அவர்களுக்குச் சந்தோசம் கூட.

காசு பங்கின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும், இரண்டு மூன்று பேர் கையெழுத்து வைத்தால்தான் எடுக்க முடியும் என்று இருக்கவேண்டும். உங்களில் ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு மட்டும் வேண்டாம், நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தக் கதை உங்களை விடாது. வங்கி இல்லாமல் ஆள் மூலம் காசு மாற்றுகிற உண்டியலில் அனுப்பச் சொல்லியும் கேட்காதீர்கள், ரசீது இல்லாத காசுக்குக் கணக்குக் காட்ட முடியாது.

பெயர்ப்பலகைச் சண்டை வரும், கட்டாயம் வரும். சுவிஸ்காரர் புதுக் கட்டடம் கேட்பதில் பாதி அந்தக் கல்வெட்டுக்குத்தான் என்பது என் எண்ணம், குறையாகச் சொல்லவில்லை, செத்துப்போன தாய் தகப்பனின் பெயர் ஊரில் எங்காவது நிற்கவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. சுவரில் ஒருவர் பெயரும் வேண்டாம், ஒரு புத்தகம் வையுங்கள். ஐந்நூறு ரூபாய் தந்தவரும் ஐந்து இலட்சம் தந்தவரும் ஒரே அளவு எழுத்தில், கூடவே அவரவர் இறந்த உறவுகளின் பெயர். நவம்பர் 2 இறந்தோர் நினைவுப் பூசையில் அந்தப் புத்தகத்தைப் பீடத்தில் வைத்து வாசிக்கட்டும். சுவிஸ்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வெறும்கை எழுதியது:

எல்லாம் சரி. கோவிலுக்குக் கூரை வேண்டும், எனக்கும் அந்தோனியார்மேல் பக்திதான். ஆனால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டுக் கொப்பியோடு வாசலுக்கு வந்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் பெண்கள் தனியாக நின்று பிள்ளை வளர்க்கிற வீடுகள் எத்தனை, நுண்கடன்காரர் கிழமைக்கு ஒரு நாள் வந்து வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்துகிறார்கள், அந்தச் சத்தம் கேட்டாலே பின்பக்கத்தால் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோவில் கொப்பியும் அதே வாசலுக்கு வந்தால் அந்த மனிசி ஞாயிறு பூசைக்கு வருவதையும் விட்டுவிடுவாள். எங்கள் பங்கில் நடந்தது இது. கொடுக்காதவர்களின் பெயரைப் பூசை முடிய வாசித்தார்கள். வாசித்தது யார் என்று நான் சொல்லவில்லை.

குளத்துக்கட்டு எழுதியது:

மேலே சொன்னவருக்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஆட்கள், எங்கள் கோவில் கூரைக்கு வரி போடவில்லை. காலபோக நெல் வெட்டினதும் விரும்பினவர்கள் நெல் கொண்டுவந்து கோவில் வளவில் வைக்கலாம் என்று மட்டும் அறிவித்தோம். ஒரு மூடை வைத்தவரும் உண்டு, ஒரு சுளகு நிறைய வைத்த கிழவியும் உண்டு, யார் எவ்வளவு என்று எழுதவே இல்லை. முதல் வருசம் ஒரு பிழை விட்டோம். பச்சை நெல்லை அப்படியே வந்த வியாபாரிக்கு விற்றோம், அறுவடை நேரம் எல்லோரும் விற்கிறார்கள், விலை தரையில் கிடந்தது. அடுத்த வருசம் காயவைத்து, மூடை கட்டி, இரண்டு மாதம் பொறுத்து விற்றோம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. எலிக்கும் ஒரு பங்கு போனது, அது வேறு கதை.

நீங்கள் கடல் ஆட்கள், உங்களுக்கு நெல்லுக்குப் பதில் ஒரு நாள் பாடு, அதாவது ஒரு நாள் பிடிக்கிற மீனின் காசு. படகு வைத்திருப்பவர் தன் பங்கை மட்டும் விடட்டும், கூலிக்குப் போகிறவரின் பங்கில் தொடவேண்டாம். திருவிழா ஏலத்தையும் விடாதீர்கள், ஒரு தேங்காய் என்ன விலைக்குப் போகும் என்று தெரியும்தானே, மச்சானும் மச்சானும் போட்டிக்கு நின்றால்! மன்னார்ப் பக்கம் கூத்துப் போட ஆட்களுக்கும் குறைவில்லை, விடிய விடிய ஒரு கூத்து, தேநீர்க் கடை பங்கு இளைஞர்களுடையது.

கடலோரத்தான் திரும்ப எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாந்துக்கரண்டி ஐயா சொன்னதை வாசித்துவிட்டு நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்தேன். பூச்சு கழன்ற இடத்தில் கையை வைத்தால் வெள்ளையாக உப்பு ஒட்டுகிறது, நாக்கில் வைத்தும் பார்த்தேன். இத்தனை நாளும் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வெறும்கை சொன்னதுதான் அதிகம் உறைத்தது, ஏனென்றால் நாங்கள் கொப்பி அடித்து வைத்துவிட்டோம், குடும்பத்துக்கு ஐயாயிரம் என்று. அந்தக் கொப்பி இனி பிள்ளைகளுக்குக் கணக்குச் செய்யத்தான். படகு வைத்திருக்கிற ஆறு பேரிடம் ஒரு நாள் பாட்டுக்குப் பேசினேன், நான்கு பேர் சம்மதம், ஒருவர் யோசிக்கிறார், ஒருவர் இடிக்கிற கட்சி.

கூரைக்கு ஒரு கேள்வி. பழையபடி பனை வளை (கூரை தாங்குகிற மரம்) வைத்துக் கள்ளிக்கோட்டை ஓடு போட ஆசை. முதிர்ந்த பனை தறிக்கவும் அனுமதி எடுக்கவேண்டும் என்று ஓடாவியார் சொல்கிறார். இடிக்கிற பழைய வீடுகளில் நல்ல வளையும் ஓடும் விற்பனைக்கு வந்தால் யாராவது ஒரு சொல் சொல்லுங்கள், லொறி நாங்கள் பிடித்து வருவோம். வருகிற ஞாயிறு பூசை முடிய வடகிழக்கு மூலையில் சீமெந்தைத் தட்டிப் பார்க்க ஃபாதர் சம்மதித்திருக்கிறார், சுவிஸ்காரருக்கு அதை வீடியோவில் நேரே காட்டப்போகிறோம். ஐயா, முழங்கால் இடம் கொடுத்தால் நீங்களும் வாருங்கள், மடுச் சந்தியில் வந்து ஏற்றுகிறோம், கதிரை போட்டு இருந்து சொன்னாலே போதும்.

சாந்துக்கரண்டி எழுதியது:

ஞாயிறு வருகிறேன். பெரிய சுத்தியல் கொண்டுவரவேண்டாம் என்று பெடியளுக்கு இப்போதே சொல்லிவையும்.