மறு: உருமறைப்பு ஒன்றே போதுமா? ‘மிமிக்ரி’க்குப் ‘போன்மை’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். உயிரியல் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. கேமஃப்ளாஜ் (camouflage) என்பது சூழலோடு கலந்து கண்ணில் படாமல் இருப்பது. மிமிக்ரி (mimicry) என்பது வேறோர் உயிரைப் போல் அமைந்து ஏமாற்றுவது.

> கேமஃப்ளாஜ், மிமிக்ரி இரண்டும் எதிரியை ஏமாற்றுவதுதானே? உருமறைப்பு என்ற சொல்லையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமே.

கேமஃப்ளாஜுக்கு உருமறைப்பே இருக்கட்டும். வேரூன்றிய சொல்லை அசைக்க வேண்டாம். ஆனால் மிமிக்ரியில் மறைப்பு எங்கே இருக்கிறது? கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியைப் பாருங்கள். அதன் இளம்புழு பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம்போல் இலைமேல் கிடக்கும். வளர்ந்தபின் இலைப்பச்சைக்கு மாறிவிடும். இறக்கை முளைத்த பெண்களில் ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டு வகைகளும், ஆடுதின்னாப்பாளை தின்று நஞ்சேறிய இரு வேறு பட்டாம்பூச்சி இனங்களின் சிறகுக் கோலத்தை ஏந்தியிருக்கும். பச்சைப் புழு கண்ணில் படாமல் தப்புகிறது. அந்தப் பெண் பட்டாம்பூச்சியோ கண்ணில் பட்டால்தான் தப்பும்! பறவை அதைப் பார்க்க வேண்டும், முன்பு தின்ற கசப்பை நினைக்க வேண்டும், விலக வேண்டும். இப்படி நேரெதிரான இரண்டு வழிகளை ஒரே சொல்லில் அடைத்தால், படிக்கும் மாணவருக்கு அறிவியலே தவறாகப் போய்ச் சேரும்.

> அப்படியானால் போலி? அல்லது போலித்தோற்றம்?

போல் + இ = போலி. ஆக்கத்தில் குறையில்லை, முதற்போலி, கடைப்போலி என்று இலக்கணத்தில் பழியின்றி வாழும் சொல். ஆனால் இன்று போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்றுதான் காதில் விழுகிறது. அமேசான் பட்டாம்பூச்சிகளை வைத்து ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸ் 1862இல் விளக்கிய வகைக்கு அது பொருந்தலாம்: நஞ்சில்லாத இனம் நஞ்சுள்ள இனத்தைப் போல் இருக்கிறது. பிரேசிலில் வாழ்ந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் ஃபிரிட்ஸ் முல்லர் 1878இல் விளக்கிய வகையில் இரண்டு இனங்களுமே தின்னத் தகாதவை. ஒரே கோலத்தைப் பகிர்ந்துகொள்வதால், விவரமறியாத பறவைகள் கொத்திப் பார்த்துப் பாடம் கற்கும்போது நேரும் இழப்பு இரண்டுக்கும் பங்காகிறது. இங்கே யார் போலி?

‘தோற்றம்’ என்ற பகுதியும் இடிக்கிறது. எறும்பைப் போன்ற சிலந்திகள் உண்டு. உடல் நடுவில் ஒடுங்கியிருக்கும், அது தோற்றம். எட்டுக் கால்களில் முன்னிரண்டைத் தூக்கி உணர்கொம்புபோல் ஆட்டுவதும், எறும்பைப் போலவே வளைந்து வளைந்து ஓடுவதும் நடத்தை. இன்னொரு சிலந்தி, நூல் முனையில் பசை உருண்டையைத் தொங்கவிட்டு, பெண் அந்துப்பூச்சியின் மணத்தைக் காற்றில் பரப்பும். தேடி வரும் ஆண் பூச்சியை அந்த உருண்டையால் வீசிப் பிடிக்கும். இருளில் நடக்கும் அந்த வேட்டையில் தோற்றத்துக்கு ஏது வேலை?

ஆகவே என் பரிந்துரை: போன்மை. நல் என்பது நன்மை ஆவதுபோல், இல் என்பது இன்மை ஆவதுபோல், போல் என்பது போன்மை. உருவம், ஒலி, மணம், நடை எல்லாம் இதில் அடங்கும். நுண்மையிலிருந்து நுண்மி பிறந்ததே, அவ்வழியில் போன்மை உடையது போன்மி. எதைப் போன்று இருக்கிறதோ அது முன்மாதிரி. ஏமாறும் மூன்றாவது உயிருக்கும் சொல் வேண்டும். மருள் என்ற வினையிலிருந்து மருளி எனலாம். மகரக்குறுக்கத்துக்குப் பள்ளியில் படித்த எடுத்துக்காட்டுகள் நினைவிருக்கிறதா? போன்ம், மருண்ம். போலும், மருளும் என்ற இரண்டின் குறுகிய வடிவங்கள். நமக்கு வேண்டிய இரண்டு வினைகளும் அங்கே ஒன்றாக நிற்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

> போன்மி என்பதை இணையத்தில் மீமுக்குச் சிலர் ஆள்கிறார்களே?

ஆம். 1976இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் மீம் என்ற சொல்லை ஆக்கியதும் போலச்செய்தலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்துதான். மிமிக்ரிக்கும் அதே வேர். தமிழிலும் ஒரே வேர் இரண்டிடத்தில் தழைப்பதில் தடையில்லை. பாடநூலில் குழப்பம் வரும் இடத்தில் ‘போன்மி உயிர்’ என்று எழுதிவிடலாம்.

எச்சம்போல், சுள்ளிபோல், சருகுபோல் இருப்பவற்றைத் தனியே ‘பொருள்வேடம்’ என்று பிரிக்க வேண்டும் என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். 2010இல் வெளியான ஆய்வொன்றில், முன்பே சுள்ளிகளோடு பழகிய கோழிக்குஞ்சுகள், எதிரே தெளிவாகத் தெரியும் சுள்ளிப் புழுவைக் கொத்தத் தயங்கின. சுள்ளியை அறியாத குஞ்சுகள் அவ்வளவு தயங்கவில்லை. புழு மறைந்திருக்கவில்லை, சுள்ளி என்று எண்ணப்பட்டது. இதை உருமறைப்பில் சேர்ப்பது சரியாகாது.

இன்னும் சொல் முடிவாகாதது ஒன்றுதான்: முதுகு கருத்து வயிறு வெளுத்திருக்கும் அமைப்பு. மேலிருந்து விழும் ஒளி வயிற்றில் நிழலாக்கும். வெளுத்த வயிறு அந்த நிழலை ஈடுசெய்து, உருண்ட உடலைத் தட்டையாகக் காட்டும். 1896இல் அமெரிக்க ஓவியர் அபட் தேயர் இதை எடுத்துக்காட்டினார். தலைகீழாக நீந்தும் கெளுத்தி மீன் ஒன்றுக்கு வயிறுதான் கருப்பு என்பது இதற்கு நல்ல சான்று. ‘நிழலீடு’ என்று எழுதிப் பார்த்தேன். ஈடு என்பது அடமானத்தையும் நினைவூட்டுவதால் மனம் முழுதாக ஒப்பவில்லை. ‘நிழலறுப்பு’ எப்படி இருக்கிறது? இதைவிட நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.